கொடி வந்ததும் எடுக்கலாம்

கட்சிக் கொடி வராமல் எடுக்கக் கூடாது என்று சிவனம்மாள் சொல்லிவிட்டார்.

ரெட்டியார்சத்திரத்தில் அந்த வீட்டு வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் முக்கால்வாசி காலி. உள்ளே ஐஸ் பெட்டியில் அவர் கணவர் கண்ணுசாமி. ஒரு காலத்தில் விவசாயமும் பழங்குடியினர் நலமும் இவர் கையில் இருந்த துறைகள். இன்று தோட்டத்து ஆட்கள், சில சொந்தக்காரர்கள், நான்.

கட்சிக்காரர் இறந்தால் கட்சி ஆள் வந்து உடம்பின் மேல் கொடி போர்த்துவது வழக்கம். கிளைச் செயலாளருக்குக்கூட அது உண்டு. மாஜி மந்திரிக்கு இன்னும் வரவில்லை.

ஊருக்கெல்லாம் போர்த்தியவர், தனக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று ஒரு பங்காளி முணுமுணுத்தார். வீட்டில் கொடி இல்லாமல் இல்லை. நாமே எடுத்துப் போர்த்திக்கொண்டால் அது வெறும் துணி.

மகன் மோகன்குமார் எப்போதோ எதிர்க்கட்சிக்குப் போய்விட்டவர். இருட்டுவதற்குள் எடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் மறுபடி கேட்டார். அவர் காதில் வாங்கவில்லை.

எனக்குக் கண்ணுசாமி மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. மந்திரியாக இருந்தபோது சிறுமலைக்கு வருவார். எங்கள் சனத்துக்குப் பழக்கமே இல்லாத இறகுத் தொப்பியை அதிகாரிகள் எங்கிருந்தோ வாங்கிவந்து அவர் தலையில் மாட்டுவார்கள். தேன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரிப்பார். பட்டா கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார். கார் இறங்கிவிடும்.

அவர் திறந்துவைத்த விடுதியில் தங்கித்தான் நான் டிகிரி முடித்தேன், எங்கள் குடியிருப்பில் முதல் ஆளாக. அதற்கு நான் கும்பிட வேண்டும் என்பவர்களைக் கண்டால் எரிகிறது. சொந்தக் காசிலா கட்டினார்?

ஆனால் போன வருஷம் ஒன்று செய்தார்.

பதவி, சீட்டு எல்லாம் போன பிறகு கலெக்டர் ஆபீஸ் முன்னால் எங்களோடு வெயிலில் தரையில் உட்கார்ந்தார். நடப்பது அவருடைய சொந்தக் கட்சி ஆட்சி. மந்திரியாக இருந்தபோதே பட்டாவுக்குக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், நாற்காலி போய்விடுமோ என்று பயந்துவிட்டேன் என்று மைக்கிலேயே சொன்னார்.

அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலில் கட்சி வண்டி நிற்கவில்லை. கட்சியிலிருந்து நீக்கவும் இல்லை. சும்மா விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நிற்பாராம்.

சிவனம்மாள் என்னைக் கூப்பிட்டார். நான் படித்த பிள்ளை, மாவட்டச் செயலாளரிடம் நான் பேசினால் மதிப்பார் என்றார்.

தென்னைகளுக்குப் பக்கம் நகர்ந்து போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"வேணாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க தாயி. நீ கசங்காமக் கொண்டாந்துரு. நாளைக்கு நத்தத்துல ஒரு துக்கம், அங்க போத்தணும்."

காலையில் கொடியைப் பையில் வைத்து என்னிடம் கொடுத்து அனுப்பியவர் அவர்தான். நான் சொல்லும்வரை வெளியே எடுக்காதே என்றிருந்தார். ஒன்றிய மகளிரணிப் பொறுப்பை எனக்குக் கொடுத்தவரும் அவரே. வரப்போகிற உள்ளாட்சித் தேர்தலில் சீட்டும் தருவார். ஜெயித்தால் பட்டாவை வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு.

சரிங்கண்ணே என்றேன்.

திரும்பி வந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். லைன் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

சிவனம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை ஒட்டி உட்கார்ந்தார். என் மடியில் இருந்த பையின் மேல் அவர் கை கிடந்தது.

"செத்த நேரம் பாப்பம் தாயி. எப்படியும் கொண்டாந்துருவாங்க."