இரண்டாவது தும்

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் உச்சி வெயில். தகட்டுத் தொழிற்சாலை வாசலில் நிற்கும் தொழிலாளி ஜோனத்தனின் காருக்குள் அவனும் ரூபினியும் சூப்பர்வைசர் பால்ராஜும் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். தகடு வெட்டும் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபோது காலையில் ரூபினியின் பாதத்தில் ஏதோ அதிர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்துவைத்திருக்கிறாள். கைப்பேசியில் கேட்ட பால்ராஜோ, வித்தியாசமாக எதுவும் கேட்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார். சாப்பாட்டு நேரம் முடிய நான்கு நிமிடம். முடிந்ததும் அவள் கணவன் கோகிலன் அந்த அச்சுக்கு அடியில் கையை விட்டுத் தகடு எடுப்பான்.

“இந்த டப்பா காடில என்னம்மா கேக்கப் போற?” என்று சிரிக்கிறார் பால்ராஜ்.

“பின்னாடி இருக்கிற பேஸ் பெட்டி காடிய விட வெல ஜாஸ்திலா, அண்ணே,” என்கிறான் ஜோனத்தன்.

ரூபினி கைப்பேசியைக் காரின் ஒலிபெருக்கியோடு இணைத்து, அடித்தொனியைக் கூட்டும் பேஸ் குமிழைக் கடைசிவரை திருகுகிறாள். கிறீச்சொலிகள் அமுங்கிப்போகின்றன; இருக்கை அதிர்கிறது. தும். அது அச்சு இறங்கி வெட்டும் அடி. பிறகு அச்சு மேலே போய் அசையாமல் நிற்கவேண்டிய அமைதி. அந்த அமைதிக்குள், முதுகுத்தண்டில் மட்டும் படுவதுபோல், மெல்ல இன்னொரு தும். நின்ற அச்சு நழுவுகிறது.

பால்ராஜின் முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம். “இன்னொரு தடவ போடு.”

போடுகிறாள். அதே இடத்தில், அதே தும்.

“அச்சோட பிரேக் பிடிக்கல. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்லா,” என்று எண்ணைத் தேடுகிறார். சங்கு ஊதுகிறது. தேடிய கைப்பேசியை இருக்கையிலேயே போட்டுவிட்டு, ரூபினிக்கும் முன்னால், தொப்பை குலுங்க மெயின் சுவிட்சை நோக்கி ஓடுகிறார்.