கழுத்தளவு உப்பு

எரியும் கற்பூரத்தில் அடித்துச் சொல்வது இது. ஒரு சொல்லும் பொய்யில்லை. ஜீவசமாதி அடையப்போவதாக ஊரறியச் சொல்லிவிட்ட பஞ்சலிங்க சாமி, குழிக்குள் சம்மணமிட்டிருந்தார். உடனிருந்தவர்கள் சீடர்கள் இருவர் மட்டுமே. வில்வமும் விபூதியும் தூவி, உடல் கெடாதிருக்க மூட்டை மூட்டையாகக் கல்லுப்பைக் கொட்டினார்கள். உப்பு நெஞ்சுக்கு ஏறியதும் சாமிக்கு உயிர்மேல் ஆசை வந்துவிட்டது.

“போதும்டா சடையா, தூக்கிவிடு.”

“நடுவுல கெஞ்சுவேன், காதுல வாங்காதீங்கன்னு நேத்து நீங்கதானே சாமி சொன்னீங்க.”

“அது சும்மா, சனங்க மெச்சணும்னு சொன்னதுடா.”

“இப்படியும் சொல்லுவேன்னீங்களே” என்று பணிவாகச் சொல்லி, சடையன் அடுத்த மூட்டையைப் பிரித்தான்.

“வாய மூடிக்குங்க சாமி, கரிக்கும்” என்றான் மற்றவன்.

குழியை மூடிய கையோடு இருவரும் மௌன விரதம் பூண்டார்கள். சாகும்வரை ஒரு வார்த்தை பேசவுமில்லை, எழுதவுமில்லை.