விடுதி வரிசையில் நத்தை

மழை பிடித்த கையோடு காட்டில் பல்கலைக்கழகம் திறந்துவிட்டார்கள். நத்தைக்கும் இடம் கிடைத்திருந்தது. மாலை மணி அடிப்பதற்குள் வகுப்புப் பதிவேட்டில் பேர் எழுதியாக வேண்டும். தவறினால் அடுத்த மழைக்குத்தான்.

வாசலில் 'புதியவர்களுக்கு உதவி' என்ற பலகைக்குக் கீழே கொக்கு ஒற்றைக்காலில் நின்றது.

"ஐயா, பேர் எங்கே எழுதணும்?"

கொக்கு குனிந்துகூடப் பார்க்கவில்லை. "புதுசா? முதல்ல விடுதி வரிசையில போய் நில்லு. ரூம் தீர்ந்துடும். மத்ததெல்லாம் அப்புறம்."

நத்தைக்கு என்னவோ உறுத்தியது. என்னவென்றுதான் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர் சொல்கிறாரே என்று ஊர்ந்துபோய் வரிசையில் நின்றது. முன்னால் ஒரு தவளை.

"அண்ணே, எனக்கு எதுக்குண்ணே விடுதி?"

"எல்லாரும் நிக்கிறாங்கல்ல? உனக்கு மட்டும் என்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

நத்தை மெதுவாகத் தன் கொம்புகளை உள்ளே இழுத்துக்கொண்டது.

வெயில் சாய்ந்தது. முதுகில் இருந்த ஓடு அன்றைக்கென்று பார்த்துக் கனத்தது. அந்த நேரத்தில் மூச்சிரைக்க ஓர் ஆமை வந்து சேர்ந்தது.

"தம்பி, பேர் எழுதுற இடம் எதுப்பா?"

நத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புதுசா? முதல்ல விடுதி வரிசை. என் பின்னால நில்லுங்க."

"எனக்கு எதுக்குப்பா..."

"எல்லாரும் நிக்கிறாங்கல்ல?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

தூரத்தில் மாலை மணி அடித்தது. வரிசை இரண்டடி நகர்ந்தது. நத்தையும் ஆமையும் தங்கள் வீடுகளைச் சுமந்துகொண்டு இரண்டடி முன்னால் நகர்ந்தன.