பின்சீட்டில் அம்மா

"வெளிய என்ன பார்வை? திரையப் பாரு!"

கேப்டன் குணாளன் போட்ட அதட்டல், ஹெட்செட் வழியாகப் பின்சீட்டில் இருந்த நீலாவதியின் காதிலும் விழுந்தது. சுருக்கென்றது. பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை! முன்னால் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த மகள் ரோகினியோ சட்டென்று திரைக்குக் கண்ணைத் திருப்பினாள்.

பெடாஸ் ஊரில் தான் வேலை செய்யும் செம்பனைத் தோட்டத்தை, மகள் ஓட்டும் விமானத்திலிருந்து பார்க்கும் ஆசையில்தான் நீலாவதி ஏறினாள். பெடாஸ் நெருங்குவதற்குள் மேகம் மூடிக்கொண்டது. மேல் எது, கீழ் எது என்றே தெரியவில்லை. கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதுதான் இன்றைய பாடமாம்.

"ஐயோ, சாயுதுடி ரோகினி!"

"நேராத்தாம்மா போகுது. மேகத்துக்குள்ள உடம்பு பொய் சொல்லும். திரை சொல்றதுதான் நிஜம்."

அந்த நேரம் பார்த்து ரோகினிக்கு எதிரே இருந்த இரண்டு பெரிய திரைகளும் கறுத்துப்போயின. நீலாவதி முருகனைக் கூப்பிடத் தொடங்கினாள்.

"நான்தான் அணைச்சேன்," என்றார் கேப்டன். "பயிற்சி. கீழ இருக்கிற சின்ன மீட்டர வச்சு ஓட்டு."

"சரி கேப்டன்."

இந்த மனுசனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா? அவர் பாட்டுக்கு வேகவேகமாக ரேடியோவில் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தார். ரோகினியின் தோளில் ஒரு நடுக்கமில்லை. மேகம் விலகி, மலாக்கா ஓடுபாதையில் சக்கரம் உரசும்வரை நீலாவதி முருகனை விடவில்லை.

இறங்கியதும் கேப்டனைப் பிடித்துக்கொண்டாள்.

"மேகத்துக்குள்ள போயி திரைய அணைச்சு விளையாடுறீங்களா சார்? நீங்களும் பிள்ள பெத்தவருதானே? நாளையிலேர்ந்து என் மக இந்தப் பக்கமே வரமாட்டா!"

"மன்னிச்சிருங்கம்மா." அவர் தலைகுனிந்து நின்றார்.

விமானத்துக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் தேவன் அங்கிருந்தே கத்தினான்.

"கேப்டன், நீங்க ரேடியோவுல சொன்னது சரிதான். ரெண்டு ஸ்கிரீனும் தானாவே செத்துப்போச்சு லா! எப்படித்தான் கொண்டாந்து எறக்குனீங்களோ!"

நீலாவதி கேப்டன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப... நீங்க அணைக்கலையா? நான் பயந்துடுவேன்னா பொய் சொன்னீங்க?"

"வாயால சொன்னது நான்தாம்மா," என்று சிரித்தார் கேப்டன். "ஆனா, திரை கறுத்ததும் மீட்டர விட்டுக் கண்ண எடுக்காமலே, உதட்டுல விரல வச்சு எனக்குப் பின்சீட்டக் காட்டினது உங்க மக."