தெளிந்த முகம்

குடிநோய் மையத்தில் ஆலோசகராக இருக்கும் அமலோற்பவம் அன்று நேரத்தோடு கிளம்பினாள். "இங்க வர்றவங்க பாரத்தையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதம்மா. நீ படுத்துட்டா யாரு பார்ப்பா?" என்று டாக்டர் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக வந்த இசக்கிமுத்துவும் அன்று அழவில்லை. "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லக்கா" என்று சிரித்துவிட்டுப் போனான். அவளுக்கும் மனது லேசாகிவிட்டது. முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

பாதி வழியில்தான் அந்தச் சிரிப்பு உறுத்தியது. போன வாரம்வரை செத்துப்போகிறேன் என்று கதறியவன் அவன். சாவதென்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கும் அப்படியொரு அமைதி வரும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. உடனே அவன் மனைவி பேச்சியம்மாளுக்குப் போன் போட்டாள்.

"நல்லாருக்காருக்கா. வந்ததும் பிள்ளைகளக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிவிட்டாரு. இப்பதான் தொழுவத்துப் பக்கம் போனாரு. கூப்பிடவா?"

"கூப்பிடு. போனை வைக்காத, ஓடு!"

ஓடுகிற காலடி கேட்டது. பிறகு கதவைத் தட்டும் சத்தம். "ஏங்க" என்று பேச்சியம்மாள் கூப்பிட்டாள். "ஏங்க, உங்களத்தான்." அடுத்து அவள் கூப்பிட்ட குரல் அவளுடையதாகவே இல்லை.