ஈ மொய்த்த இடம்

ஆஸ்திரேலியப் பாலைவனத்தை ஜீப்பில் கடப்பதென்று முபின் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். தினமும் சாப்பிட்டதும் தஸ்தர்கான் விரிப்பைத் துடைத்து, அதன்மேலேயே வரைபடத்தை விரிப்பான். அதில் ஊரே இல்லாத ஓரிடத்தில் மட்டும் ஈக்கள் வந்து அப்பும்.

“கொழம்புக் கையோட தொட்டிருப்பீங்க. சீ, கொமட்டுது,” என்றாள் மனைவி ஹஃப்சா.

அவன் தேரடித் தெருவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று அச்செடுத்து வந்தான். விரித்ததுமே ஈக்கள் அதே இடத்தில் அப்பின.

“அங்கதான் மொத நாள் டேரா,” என்றான்.

“அந்த எடமே வேணாங்க.”

ஹஃப்சா வரைபடத்தைக் கிழித்துச் சாக்கடையில் வீசினாள்.

“சரி, போகல. விடு,” என்றான் முபின்.

மறுநாள் பிரியாணியில் ஓர் ஈகூட உட்காரவில்லை. எல்லாம் முபினின் உதடுகளை மூடியிருந்தன. அவன் விரட்டவில்லை. மென்றுகொண்டிருந்தான்.