நாலாம் நம்பரா, ஆறாம் நம்பரா?

"ஆறாம் நம்பர் தோட்டாவா? வாத்தைச் சுடப் போறியா, கிச்சுக்கிச்சு மூட்டப் போறியா?" என்று சிலுவைமுத்து கத்தினார்.

"நாலாம் நம்பர்ல ரவை பெரிசு மச்சான்! அதைப் போட்டா வாத்து எங்கே மிஞ்சும்? இறகுதான் மிஞ்சும், தலையணை தைச்சுக்கோ!" லூர்து மேஜையைக் குத்தினார். தட்டிலிருந்த லப்பெட்டும், அதான் பர்மியத் தேயிலை ஊறுகாய், வறுத்த பயறும் துள்ளின.

பசுந்தாங்கில் அந்தத் தெருவுக்கே இந்தச் சண்டை மனப்பாடம். சிலுவைமுத்துவின் மகள் லதாவைப் பெண் கேட்டு யாராவது படியேறினால் போதும், தொடங்கிவிடும்.

வேட்டையாவது ஒன்றாவது! சிலுவைமுத்துவின் அப்பா வைத்திருந்த துப்பாக்கியை அரசாங்கம் வாங்கிக்கொண்டு போனபோது இவருக்கு அரைக்கால் சட்டை வயது. துப்பாக்கி போன பிறகும் தோட்டாப் பேச்சு மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதில் ஒரு சௌகரியமும் உண்டு. வந்த மாப்பிள்ளையையே தீர்ப்புச் சொல்லச் சொல்வார்கள். நாலு என்றால் தாய்மாமன் லூர்து கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஆறு என்றால் அப்பா. மூன்று பேர் இப்படியே படியிறங்கியாயிற்று.

பின்னே என்ன செய்வார் மனுஷன்? மனைவி காலமான பிறகு வீடே லதா கையில். ஷ்வேப்யிதாவில் அழகுசாமான் தொழிற்சாலைக்குப் போய்விட்டு வந்து சமைக்கிறாள். கரன்ட் இல்லாத நாளில் நாலு மாடிக்குத் தண்ணீர் தூக்குகிறாள். அவள் போனால் வாளி யார் கைக்கு வரும்? லூர்துவுக்கும் இரண்டு வேளைச் சாப்பாடு இங்கேதான்.

அன்று வந்திருந்தவன் தாமஸ், அதே தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவன்.

"நீங்களே சொல்லுங்க தம்பி. நாலா, ஆறா?"

அவன் லப்பெட்டை நிதானமாக மென்றான். "சின்னச் சிறகி வாத்தா மாமா, பெரிய வாத்தா? எத்தனை கஜ தூரம்?"

இதுவரை எவனும் இதைக் கேட்டதில்லை.

"அது... வாத்து எவ்வளவு தூரத்துல இருக்கோ, அவ்வளவு தூரம்" என்றார் லூர்து.

"அப்ப ரெண்டையும் சுட்டே பாத்துடுவோம். நான் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான் தாமஸ்.

அந்த வாரம் முழுக்க சிலுவைமுத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுட்டே பார்ப்பானாமே! படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். லதா வழக்கம்போலத் தொழிற்சாலைக்குப் போய்வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தாமஸ் வந்தான். தோளில் மாட்டியிருந்த ஷான் பையிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தான். வரிசை வரிசையாகச் சிவப்புக் குழாய்கள். அடியில் பித்தளைப் பளபளப்பு.

"இது நாலு, இது ஆறு. துப்பாக்கியை எடுங்க மாமா. மிங்கலாடோன் பக்கம் குளத்துல சிறகி இறங்கியிருக்காம்."

"மிங்கலாடோன்லயா? பட்டாளத்து வாசல்லயா?" சிலுவைமுத்து பாய்ந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டா அகப்பட்டாலே கம்பி எண்ண வேண்டியதுதான். இங்கே இரண்டு பெட்டி! லூர்து கதவைத் தாழிட்டு, அதன்மேலேயே சாய்ந்து நின்றார். பெட்டியைத் தொட்டுப் பார்க்கக்கூட இருவருக்கும் தைரியமில்லை.

"ஆறுதான் நல்லது மச்சான்" என்றார் சிலுவைமுத்து ஈனக்குரலில்.

"சேச்சே, நீ சொன்ன நாலுதான் மச்சான்."

"அப்ப ரெண்டும் இங்கேயே இருக்கட்டும்" என்றான் தாமஸ்.

"ஐயோ தம்பி, எடுத்துட்டுப் போயிடுங்க! உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க!"

தாமஸ் டீயைக் குடித்து முடித்தான். கேட்டான்.

ஜனவரியில் கல்யாணம். லூர்து கோட்டு மாட்டிக்கொண்டு தாய்மாமனாக முன்வரிசையில் நின்றார். மறுவாரமே பெண்ணும் மாப்பிள்ளையும் ஷ்வேப்யிதாவுக்குக் குடிபோனார்கள்.

சிலுவைமுத்துவுக்கு அப்போதும் அந்தத் தோட்டாக் கவலை விடவில்லை. முதல் தடவை மகள் வீட்டுக்குப் போனவர், மாப்பிள்ளை குளிக்கப் போகும்வரை காத்திருந்து அவள் காதோடு கேட்டார்: "அந்த ரெண்டு பெட்டியையும் எந்த ஆத்துலம்மா எறிஞ்சீங்க?"

லதாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"லிப்ஸ்டிக்கை யாராச்சும் ஆத்துல எறிவாங்களாப்பா?"